யாரையும் சாராதவர் என்பதற்கான சான்றிதழ்

லிஃப்ட் மெக்கானிக்கின் பாட்டுக் குழுவுக்கு வந்த ஆபத்து, பாராட்டுக் கடிதமாகத்தான் வந்தது. தடித்த தாள், தங்க நிற ஓரம். மேலே தனியிசை நல வாரியத்தின் முத்திரை: ஒரு மைக், அதன் மேல் ஒரு பறவை, பறவையின் காலில் அறுந்து தொங்கும் சங்கிலி. கொண்டுவந்த ஆள் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வாழ்த்துகள் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் இப்படி இருந்தது: "தாங்கள் எவருடைய ஆதரவும் இன்றி, எவ்வித அனுமதியும் பெறாமல், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு டயர்க் கடையின் மாடியில் தங்கள் சொந்தப் பாடல்களைப் பாடிவருவதை வாரியம் பெருமகிழ்ச்சியுடன் அறிகிறது. இத்தகைய சுதந்திரமான முயற்சிகளை வளர்ப்பதே வாரியத்தின் ஒரே நோக்கம். எனவே இக்கடிதம் கண்ட நாள் முதல் தங்கள் நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்து, பதினைந்து நாட்களுக்குள் நேரில் வரவும்."

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். அவர் மனைவி ஒரு தடவை படித்தாள்.

"பாராட்டிட்டு நிறுத்தச் சொல்றாங்களே" என்றார் அவர்.

"இல்லங்க. நிறுத்தச் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் பாராட்டியிருக்காங்க. வரிசை முக்கியம்" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிறவள். காகிதங்களின் குணம் தெரிந்தவள்.

மெக்கானிக் இருபது வருஷமாக லிஃப்ட் ஓடும் இருட்டுக் கிணறுகளில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர். அந்தக் கிணற்றில் வாய் திறந்தால் குரல் பத்து மாடி ஏறி, பத்து மாடி இறங்கி, கொஞ்சம் திருந்தி அவரிடமே வந்துசேரும். அப்படித்தான் பாட ஆரம்பித்தார். மனைவியின் தங்கை பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். பேஸ் கிடார் வாசிப்பாள். டயர்க் கடைக்காரர் டிரம்ஸ். பஞ்சர் ஒட்டுகிற கை என்பதால் அவர் அடியில் ஒரு நிதானம் இருக்கும். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் லிஃப்டை நினைத்து, குழுவுக்கு 'மூணரை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஊரில் இதுபோல இன்னும் நாலைந்து குழுக்கள் இருந்தன. சலூனில் ஒன்று. பள்ளிப் பேருந்துகள் நிற்கும் ஷெட்டில் ஒன்று. யாருக்கும் பெரிய ஆசை கிடையாது. ரேடியோவில் நாள் முழுக்க ஒரே கம்பெனியின் பாட்டு ஓடியது. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் அதே பாட்டு. ஒரு மணி நேரமாவது வேறு ஏதாவது காதில் விழட்டுமே என்றுதான் நாற்பது பேர் டயர்க் கடை மாடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் வாசனை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, உட்காரப் பழைய டயர்கள். அவ்வளவுதான் அரங்கம்.

அவர்கள் பாட்டுகளிலேயே பேர்போனது 'நாற்பது நிமிஷம்'. அது கற்பனை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியான வேளையில், அந்தப் பாட்டுக் கம்பெனியின் கட்டடத்திலேயே லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் கம்பெனித் தலைவர். இன்னொருவர் தரை பெருக்கும் அக்கா, கையில் வாளியும் துடைப்பமுமாக. மெக்கானிக் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து ஸ்பேனரால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்; உள்ளே பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. தலைவர் முதலில் கத்தினார். பிறகு பயந்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக் கொஞ்சம் அழுதார். அக்கா தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். தன் மகள் கணக்கில் பெயிலானதைச் சொன்னாள். "கணக்கு எனக்கும் வராதும்மா" என்றார் தலைவர். நாற்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. தலைவர் வெளியே வந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "இந்த மாடி இன்னும் பெருக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டின் கடைசி வரி அந்தக் கேள்விதான். யார், எந்தக் கட்டடம் என்று மெக்கானிக் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மூன்றாவது வரிசை டயரில் உட்கார்ந்து, கடைசி வரி வரும் முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் சிரித்ததும் நாற்பது பேரும் சிரிப்பார்கள். மெக்கானிக்குக் கிடைத்துவந்த சம்பளம், விருது, பென்ஷன் எல்லாம் அந்தச் சிரிப்புதான்.

வாரியத்தின் அலுவலகம் கம்பெனிக் கட்டடத்திலேயே ஆறாவது மாடியில் இருந்தது. தனியிசைக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த இடம் என்று வாசலில் எழுதியிருந்தது. பதினொரு வருஷமாகப் பின்வாசல் வழியாக அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்தவர் மெக்கானிக். அன்றைக்கு முதல்முறையாக முன்வாசல் வழியாகப் போனார். தான் எண்ணெய் போட்ட லிஃப்டில் ஏற, சட்டையில் 'விருந்தினர்' என்று ஒரு வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வாரியச் செயலாளர் மிக மரியாதையான மனிதர். எழுந்து நின்று வணங்கினார்.

"எங்க பாட்டு கேட்டிருக்கீங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டார் மெக்கானிக்.

"நான் பாட்டே கேக்கறதில்லைங்க. கேட்டா ஒருபக்கச் சார்பு வந்துடும். இந்த நாற்காலிக்கு அது ஆகாது." ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "யாரையும் சாராதவர் என்பதற்கான சான்றிதழ். இது இல்லாம ஊர்ல யாரும் தனியா பாட முடியாது. நீங்க யாரையாவது சார்ந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அதை யார் சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

செயலாளர் வருத்தமாகச் சிரித்தார். "நீங்க சொன்னா அது உங்களைச் சார்ந்ததா ஆயிடுதே. சாராத ஒருத்தர் சொல்லணும். கம்பெனியோட உங்களுக்குச் சம்பந்தம் இல்லைன்னு கம்பெனியே ஒரு கடிதம் குடுக்கணும். ஒரு மாடி கீழே போங்க."

ஐந்தாவது மாடியில் கம்பெனி எழுத்தர் பெண் கணினியில் தேடிப் பார்த்தாள். "உங்க பேரே எங்க பதிவுல இல்லையே சார்."

"அதான்மா. சம்பந்தம் இல்லைன்னு எழுதிக்குடுங்க."

"பதிவுல இருக்கறவங்களுக்குத்தான் சம்பந்தம் இல்லைன்னு குடுக்க முடியும். இல்லாத ஒருத்தரைப் பத்தி நாங்க என்னன்னு எழுதறது? முதல்ல ஒப்பந்தம் போட்டு எங்க கலைஞரா பதிஞ்சுக்கங்க. மறுநிமிஷமே லெட்டர் குடுத்துடுவோம்."

"ஒப்பந்தம் போட்டா சம்பந்தம் வந்துடாதா?"

"உங்களுக்கு வராது சார். பாட்டுக்கு மட்டும்தான் வரும். பாட்டு எங்ககிட்ட இருக்கும். நீங்க முழுச் சுதந்திரமா இருக்கலாம்."

அவள் கிண்டல் செய்யவில்லை. நல்ல பெண். பேனாவையும் அவளே மூடி திறந்து கொடுத்தாள். மெக்கானிக் யோசித்துச் சொல்வதாகக் கும்பிடு போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்.

வீட்டில் மச்சினி கொதித்தாள். "கையெழுத்து போட்டீங்கன்னா என் கிடாரை நான் ஜன்னல் வழியா போட்டுடுவேன் மாமா."

"போடலைம்மா. போடமாட்டேன்" என்றார் அவர். அதை நம்பித்தான் சொன்னார்.

அடுத்த வாரம் டயர்க் கடைக்குச் சுகாதார அதிகாரி வந்தார். அடுத்த நாள் தீயணைப்புத் துறை. அதற்கு அடுத்த நாள் ஒருவர் வந்து, எந்தத் துறை என்றே சொல்லாமல், டயர்களை எண்ணிவிட்டுப் போனார். மூன்று பேரும் போகும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மாடியில சான்றிதழ் வாங்கியாச்சா?" சனிக்கிழமை டயர்க் கடைக்காரர் மெக்கானிக்கின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கிரீஸ் துடைக்கும் துணி. அதைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அண்ணே, ரெண்டு பிள்ளைங்க. கடையை மூடிட்டா நான் எதை அடிக்கறது?"

மெக்கானிக் திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டார். பதினெட்டுப் பக்கம். நான்காவது பக்கத்தில், இதுவரை பாடிய பாட்டு, இனிமேல் பாடப்போகும் பாட்டு, பாட நினைத்து மறந்த பாட்டு எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருந்தது. எழுத்தர் பெண் சொன்னபடியே மறுநிமிஷம் கடிதத்தைக் கொடுத்தாள். இன்னாருக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, கம்பெனிக் கலைஞர் எண் போட்டு, எழுதியிருந்தது.

மச்சினி கிடாரை ஜன்னல் வழியாகப் போடவில்லை. ஆனால் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள், "தணிக்கைக்கு வர்றாங்களாமே, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

வாரியத்திலிருந்து மூன்று அதிகாரிகள் மாடிக்கு வந்தார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று டயர்க் கடைக்காரர் முந்தின நாள்தான் மாடிக்கு வெள்ளையடித்திருந்தார். முதல் அதிகாரி உள்ளே நுழைந்ததும் முகம் சுளித்தார்.

"இது என்ன, சுவர் இவ்வளவு சுத்தமா இருக்கு? தனியிசை பாடற இடமா இது? வாரிய விதிப்படி சுவர்ல நாலில் ஒரு பங்காவது உதிர்ந்திருக்கணும்."

"நேத்து வரைக்கும் உதிர்ந்துதான் சார் இருந்துச்சு" என்றார் டயர்க் கடைக்காரர், அழாத குறையாக.

"நேத்து இருந்ததுக்கு இன்னைக்கு மதிப்பெண் போட முடியாது. பரவாயில்லை, எங்க பெயின்டர் ஒருத்தர் இருக்கார். உதிர்ந்த மாதிரியே அடிச்சுக் குடுப்பார்."

இரண்டாவது அதிகாரி ஒரு கருவியை நீட்டி மின்விசிறியின் கிறீச்சொலியை அளந்தார். "இது பிரமாதம். இதை மட்டும் சரிபண்ணிடாதீங்க" என்று தட்டிக்கொடுத்தார். மூன்றாவது அதிகாரியிடம் எதிர்ப்புப் பட்டியல் இருந்தது. சான்றிதழ் பெற்ற குழு, மொத்தப் பாட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு எதையாவது எதிர்த்தே ஆக வேண்டுமாம். எதிர்க்கத் தகுந்தவற்றை வாரியமே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது: இருள், புயல், விதி, விலங்குகள் (கையில் பூட்டுபவை மட்டும்), பொதுவாகச் சமூகம்.

குழு 'நாற்பது நிமிஷம்' பாடியது. மூவரும் தலையாட்டாமல் கேட்டார்கள். கடைசி வரி முடிந்தது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"இதுல வர்ற முதலாளி யாரு?" என்றார் மூன்றாவது அதிகாரி.

"ஒரு முதலாளிங்க."

"ஒரு முதலாளின்னா? எங்க பட்டியல்ல முதலாளியே இல்லை. சமூகம்னு மாத்திடுங்களேன்."

"சமூகம் எப்படி சார் லிஃப்ட்ல மாட்டிக்கும்?" என்றாள் மச்சினி.

அதிகாரி அவளை நிதானமாகப் பார்த்தார். "கோபம் நல்லா வருதும்மா உங்களுக்கு. ரொம்ப நல்லது. ஆனா அதை இப்படி ஒரு ஆளைப் பார்த்துக் காட்டக் கூடாது. இப்படி, கொஞ்சம் மேல பார்த்து…" என்று தாடையை உயர்த்திக் காட்டினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: கோபம் உண்டு, திசை சரியில்லை.

திசையைச் சரிசெய்ய மூன்று நாள் சுதந்திரப் பயிற்சி முகாம் நடந்தது. சலூன்காரர்களும் பேருந்து ஷெட்காரர்களும்கூட வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பாராட்டுக் கடிதம் போயிருந்தது. காலை ஒன்பது மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். மச்சினி நான்கு நிமிஷம் தாமதமாக வந்ததால் அவளுடைய சுதந்திரத்தில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. முஷ்டியை உயர்த்துவது எப்படி என்று ஒரு முழுக் காலைப்பொழுது சொல்லிக்கொடுத்தார்கள். "எல்லாரும் ஒரே உயரத்துக்கு! ஒருத்தர் முஷ்டி இன்னொருத்தர் முஷ்டியை மறைக்கக் கூடாது, கேமராவுக்குத் தெரியணும்!" என்று பயிற்சியாளர் விசிலடித்தார். சலூன் பாடகருக்கு வலது தோளில் பிடிப்பு; அவருக்கு எதிர்ப்பிலிருந்து மருத்துவ விலக்கு கொடுத்தார்கள்.

முகாமின் கடைசி நாளில் 'நாற்பது நிமிஷம்' திருத்தப்பட்டு வந்தது. வாரியத்தின் வரி மேம்பாட்டு அதிகாரி தானே உட்கார்ந்து மேம்படுத்தியிருந்தார். முதலாளி போய்விட்டார். பெருக்குகிற பெண்ணும் போய்விட்டாள். ஒரு காதலனும் காதலியும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி வரி: 'கதவே, நீ திறந்துவிடாதே.'

"இருபது வருஷத்துல லிஃப்ட்ல மாட்டின ஒருத்தர்கூடக் கதவு திறக்க வேண்டாம்னு சொன்னதில்லைங்க" என்றார் மெக்கானிக்.

"அதனாலதான் அது கலை" என்றார் வரி மேம்பாட்டு அதிகாரி.

அன்று வீட்டுக்கு வந்த மெக்கானிக் சாப்பிட உட்காராமல் பழைய வரியை ஒருமுறை பாடிப் பார்க்க முயன்றார். வாயில் புது வரியே வந்தது. மூன்று நாளில் முப்பது தடவை பாடவைத்திருந்தார்கள். மனைவி தட்டை வைத்துவிட்டு, "இந்த மாடி இன்னும் பெருக்கலையா" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அவர் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

அங்கீகார விழா கம்பெனியின் பெரிய அரங்கத்தில் நடந்தது. மேடையில் டயர்க் கடை மாடியை அப்படியே கட்டியிருந்தார்கள். உதிர்ந்த சுவர், பழைய டயர்கள், கிறீச்சிடும் மின்விசிறி எல்லாம் இருந்தன. டயர்கள் கழுவப்பட்டு லேசாக வாசனை தெளிக்கப்பட்டிருந்தன. டயர்க் கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "நம்ம இடத்தைவிட நம்ம இடம் மாதிரியே இருக்குண்ணே" என்று பிரமித்தார். பின்வரிசையில், வேலைச் சீருடையிலேயே, பெருக்குகிற அக்கா உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கத்தைப் பெருக்க வேண்டியது அவள்தான். அதனால் உள்ளே விட்டிருந்தார்கள்.

கம்பெனித் தலைவர் பேசினார்.

"நண்பர்களே, எங்களை எதிர்க்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எதிர்க்கட்டுமே! எதிர்ப்பதற்கு வேண்டிய இடம், விளக்கு, ஒலிபெருக்கி, எதிர்க்கும் நேரம் எல்லாவற்றையும் நாங்களே கொடுக்கிறோம். எங்களைத் தவிர வேறு யார் இதைச் செய்வார்கள்? வேறு யாரும் செய்யாதபடி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." கைதட்டல். "இந்த லிஃப்ட் பாட்டு என் மனதைத் தொட்டது. ஏனென்றால் நானே ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கூட ஒரு துப்புரவுப் பெண். பெயர் நினைவில்லை. நாற்பது நிமிஷம் நாங்கள் இரண்டு மனிதர்களாக இருந்தோம். அன்றைக்கு என் கண் திறந்தது. இப்படி ஒரு சங்கடம் அந்த ஏழைப் பெண்களுக்கு மறுபடி வரக் கூடாது என்று மறுநாளே உத்தரவு போட்டேன். அன்றிலிருந்து அவர்கள் லிஃப்டில் ஏறுவதில்லை. படிக்கட்டுதான். ஆறு வருஷமாக ஒருவர்கூட மாட்டிக்கொள்ளவில்லை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெக்கானிக் பின்வரிசையைப் பார்த்தார். அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றால், எங்கோ யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். பாட்டை முன்பே பதிவுசெய்து வைத்திருந்தார்கள்; மேடையில் இவர்கள் வாயசைத்துக் கையாட்டினால் போதும். பாதிப் பாட்டில் மச்சினி விரல்களை எடுத்துவிட்டாள். பேஸ் தொடர்ந்து முழங்கியது. அவள் கிடாரைத் தோளிலிருந்து கழற்றினாள். பேஸ் இன்னும் நன்றாக முழங்கியது. கிடாரைக் கழுவின டயர் ஒன்றின் மேல் சாய்த்துவைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வாரியச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷத்தின் சிறந்த எதிர்ப்புக்கான கேடயம் அவளுக்கே அறிவிக்கப்பட்டது. அவள் இல்லாததால் அவள் சார்பில் கம்பெனித் தலைவர் பெற்றுக்கொண்டார்.

மெக்கானிக் வாயசைத்து முடித்தார். 'கதவே, நீ திறந்துவிடாதே.' பின்வரிசையில் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் சான்றிதழ் வந்தது. யாரையும் சாராதவர் இனி அங்கீகாரம் பெற்ற அரங்குகளில் மட்டும் பாடலாம் என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. அங்கீகாரம் பெற்ற அரங்கு ஊரில் ஒன்றுதான், அது கம்பெனியுடையது, மூன்று வருஷத்துக்கு இடமில்லை. டயர்க் கடை மாடிக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை, சுவர் காரணமாக. டயர்க் கடைக்காரரை வாரியம் முகாமில் தாளப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டது, விசிலும் கொடுத்தார்கள். சலூனில் மறுபடி ரேடியோ ஓடியது. மச்சினி பல் ஆஸ்பத்திரியோடு நின்றுகொண்டாள். அக்காவிடம் ஏதாவது பேச வேண்டும் என்று மெக்கானிக் ஒருநாள் கம்பெனிக் கட்டடத்துப் படிக்கட்டில் காத்திருந்தார். நாலாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள் அவரைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

"மன்னிச்சுக்கக்கா."

"எதுக்கு தம்பி? பாட்டுதானே" என்றாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை எனக்கும் முழங்கால் வலிக்கு ஓய்வாச்சு" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனாள்.

வாரியத்தில் கலைஞர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சான்றிதழ் பெற்றவர், ஆனால் எங்கும் பாடாதவராக இருக்க வேண்டும். பாடினால் சார்பு வந்துவிடும். அந்தத் தகுதி மெக்கானிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. முடியாது என்றார். டயர்களை எண்ணிப்போன அதே ஆள், இந்த முறை அவர் மனைவியின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மெக்கானிக் சேர்ந்தார். சேரும்போது மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். தணிக்கைக்குத் தானே போனால், யாராவது ஒரு குழுவையாவது, கண்டுகொள்ளாத மாதிரி விட்டுவிடலாம்.

அவருக்குக் கொடுத்த முதல் வேலை, துணிக்கடையில் விற்பனை செய்யும் மூன்று பெண்கள். கடை திறக்கும் முன், காலையில், விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாடுகிறார்களாம். படியேறும்போதே பாட்டு காதில் விழுந்தது. அவர் நின்றுவிட்டார். கடையில் வாடிக்கையாளருக்கு மட்டும் இருக்கும் நாற்காலியைப் பற்றிய பாட்டு. பத்து மணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறோம், நாற்காலியே, உனக்காவது கால் வலிக்கிறதா, நாலு கால் இருக்கிறதே உனக்கு என்று அந்த நாற்காலியிடமே நலம் விசாரிக்கிறார்கள். மூன்று குரலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரிப்போடு ஓடின. மெக்கானிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

கதவைத் தள்ளியதும் பாட்டு நின்றது. மூவரும் ஓடிவந்து வணங்கினார்கள். ஒருத்தி எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். இன்னொருத்தி படிவத்தை நீட்டினாள். எல்லாப் பக்கமும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கம்பெனிக் கடிதம்கூட இணைத்திருந்தது.

"ஆரம்பிக்கலாமா சார்?"

இருளை எதிர்த்து ஒன்று பாடினார்கள். புயலை எதிர்த்து ஒன்று. முஷ்டி மூன்றும் ஒரே உயரத்தில் நின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தாடையைச் சரியான அளவுக்கு உயர்த்தினார்கள்.

"நான் படியேறும்போது வேற ஒண்ணு பாடிட்டிருந்தீங்களே" என்றார் மெக்கானிக். "அந்த நாற்காலிப் பாட்டு."

மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கேட்டுடுச்சா சார்? அது சும்மா, எங்களுக்குள்ள. பட்டியல்ல வராதுன்னு நாங்களே எடுத்துட்டோம். அதைப் படிவத்துல எழுதவே இல்லை."

"அதைத்தான்மா நீங்க பாடணும்." என்றார் அவர். "நான் சொல்றதைக் கேளுங்க. இந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கங்க. இங்க பாட்டுக் குழுவே இல்லை, துணி காயப்போட வந்த பொண்ணுங்கன்னு எழுதிக்குடுத்துடறேன். அதுக்கப்புறம் யாரும் வரமாட்டாங்க. நீங்க பாட்டுக்கு இங்கயே பாடுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் சார், நாங்க நல்லா பாடலையா?"

"ஐயோ, இல்லம்மா…"

"மூணு மாசமா விடியக்காலையில எழுந்து பயிற்சி எடுத்தோம் சார்" என்றாள் மூத்தவள். அவள் கை படிவத்தை விடவில்லை. "குழுவே இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க. இன்னும் எதைக் குறைக்கணும்னு சொல்லுங்க, குறைச்சுடறோம்."

எதையும் குறைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு மெக்கானிக்கிடம் காரணம் ஏதும் இல்லை. சான்றிதழ் மட்டும்தான் இருந்தது. கீழே தெருவில் துணிக்கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"நேரமாச்சு சார்" என்று மூத்தவள் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் விரலால் காட்டினாள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். அவர் போட்டு முடிக்கும்வரை மூவரும் கை கட்டிக்கொண்டு நின்றார்கள்.